ஊர் மாறும் முன் படித்த நான்கு அட்டவணைகள்

என் கம்ப்யூட்டரில் 'கோவை இறுதி 3' என்று ஒரு எக்செல் ஷீட் இருக்கிறது. பெயரைப் பார்த்தாலே தெரியும், அது இறுதி இல்லை. சென்னையை விட்டுக் கோயம்புத்தூருக்குக் குடிபோகலாமா வேண்டாமா என்று ஆறு மாதம் உட்கார்ந்து போட்ட கணக்கு. ஒரு பக்கம் வீட்டு விலை, இன்னொரு பக்கம் வெயில், மழை, காற்றின் ஈரம். கடைசி வரிசையில் மொத்த மதிப்பெண். சென்னை 58, கோவை 74. அந்த 74-ஐப் பார்த்த அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

இந்தக் குறிப்பு அந்த ஷீட்டைப் பற்றிய விமர்சனம். அதற்குள் நான் கொண்டுவந்து கொட்டிய நான்கு அட்டவணைகளைப் பற்றியும்தான். பத்திரப்பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு, தேசிய வீட்டுவசதி வங்கியின் விலைக் குறியீடு, வானிலைத் துறையின் முப்பது ஆண்டு சராசரி, மத்திய அரசின் 'வாழ்வதற்கு எளிதான நகரங்கள்' பட்டியல். ஊர் மாற நினைக்கிறவர்கள் இதில் இரண்டையாவது புரட்டியிருப்பீங்க. நாலும் ஒழுங்கான ஆவணங்கள். எதுவும் பொய் சொல்லவில்லை. ஆனால் நாலையும் நான் தப்பாகப் படித்தேன்.

முதலில் ஏன் கிளம்ப நினைத்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இது வெறும் கணக்கு மாதிரி தெரியும்.

வேளச்சேரியில் தரைத்தளத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். அப்பா ரிட்டயர்மென்ட் பணத்தைப் போட்டு வாங்கியது. 2015 டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, மறுபடியும். இரண்டாவது தடவை வரும்போது அப்பா இல்லை. சுவர் காய நாலு மாதம் ஆனது. அம்மாவுக்கு வயது 72, வீசிங் உண்டு. ஈரச் சுவருக்குப் பக்கத்தில் படுத்தால் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவார். என் வேலை வீட்டிலிருந்தே செய்கிற வேலை, மனைவிக்குச் சொந்த ஊர் திருப்பூர். அதனால் கோவை என்ற பேச்சு தானாக வந்தது. கையில் இருக்கிற சொத்து அந்த ஒரு ஃபிளாட்தான். அதை விற்று, கொஞ்சம் கடன் வாங்கி, அங்கே ஒரு வீடு. தப்பாகப் போனால் திரும்பி வர இன்னொரு ஃபிளாட் கிடையாது.

சரி, அட்டவணைகளுக்கு வருவோம்.

1. வழிகாட்டி மதிப்பு

பதிவுத் துறையின் இணையதளத்தில் தெருப் பெயரையோ சர்வே எண்ணையோ போட்டால் ஒரு சதுர அடிக்கு இவ்வளவு என்று வந்துவிடும். வடவள்ளி, கணபதி, சிங்காநல்லூர், சரவணம்பட்டி என்று ஒவ்வொரு பகுதியிலும் பத்துத் தெருக்களை எடுத்து எழுதிக்கொண்டேன். அரசாங்கமே தெருவாரியாக விலை சொல்கிறது, இதைவிட என்ன வேண்டும் என்று நினைப்பு.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வடவள்ளியில் ஒரு புரோக்கரைப் பார்த்தேன். பெரியவர். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதெல்லாம் கவர்மெண்ட் ரேட்டுங்க தம்பி. இந்த ரேட்டுக்கு வீடு கெடைக்கும்னா நானே நாலு வாங்கிப் போட்டிருப்பேனுங்க."

"அப்ப நிஜ ரேட் என்னங்க?"

"சென்ட்டு பதினாலு சொல்றாங்க."

பதினாலு லட்சம். சென்னைக்காரனுக்குச் சென்ட் கணக்கு உடனே பிடிபடாது. நமக்கு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்டுக்கு ஐந்தரை சென்ட். கணக்குப் போட்டால் சதுர அடிக்கு 3,200 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்தது. என் தாளில் அந்தத் தெருவுக்கு இருந்தது அதில் பாதிகூட இல்லை.

தப்பு புரோக்கர் மேலும் இல்லை, துறை மேலும் இல்லை. வழிகாட்டி மதிப்பு எதற்காக இருக்கிறது? பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிப்பதைத் தடுக்க. இந்திய முத்திரைச் சட்டத்தின் 47ஏ பிரிவு குறைமதிப்புப் பத்திரங்களைப் பற்றிப் பேசுகிறது. இந்த மதிப்பு அந்த வேலைக்கான கருவி. 'இதற்குக் கீழே போனால் கேள்வி கேட்போம்' என்று போட்ட கோடு. அதை நான் 'இதுதான் விலை' என்று படித்தேன்.

இதற்கு ஒரு நல்ல சான்று நம்மிடமே இருக்கிறது. 2017 ஜூனில் தமிழ்நாடு முழுக்க வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டது. கூடவே பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக ஏறியது. அன்றைக்கு எந்த ஊரிலாவது வீட்டு விலை மூன்றில் ஒரு பங்கு இறங்கியதா? 2023-ல் குறைத்ததைத் திரும்ப ஏற்றினார்கள், பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாக இறக்கினார்கள். 2024 ஜூலையில் மறுபடி திருத்தினார்கள். இந்த எண்களை வரிசையாக வைத்து 'கோவையில் பத்து வருட விலைப் போக்கு' என்று நான் ஒரு கோடு வரைந்திருந்தேன். அந்தக் கோடு காட்டியது வரி வசூலிக்கும் கொள்கையின் போக்கு. வீட்டின் போக்கு அதில் இல்லவே இல்லை.

ஆனாலும் இந்த அட்டவணையைத் தூக்கிப் போடாதீங்க. இரண்டு விஷயத்துக்கு உதவும். ஒன்று, பக்கத்துப் பக்கத்துத் தெருக்களை ஒப்பிட. ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் மதிப்பு சட்டென்று மாறினால் அங்கே ஏதோ காரணம் இருக்கும், போய் விசாரிக்கலாம். இரண்டு, கைச்செலவைக் கணக்கிட. தனி வீட்டுக் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். எனக்குச் சொன்ன ஒரு வீட்டின் விலை 72 லட்சம், அதற்கு 6 லட்சத்து 48 ஆயிரம். இந்தப் பணம் வீட்டில் இல்லை, சுவரில் இல்லை, திரும்ப விற்றாலும் வராது. இந்த எண்ணை ஞாபகத்தில் வையுங்க, பின்னால் தேவைப்படும்.

2. விலைக் குறியீடு

வழிகாட்டி மதிப்பு ஏமாற்றியதும் அடுத்ததாகப் போய் நின்றது குறியீடுகளிடம். ரிசர்வ் வங்கி ஒரு வீட்டு விலைக் குறியீடு வெளியிடுகிறது. 2010-11-ஐ அடிப்படையாக வைத்த அதன் பழைய வரிசையில் பத்து நகரங்கள் இருந்தன, சென்னை இருந்தது, கோவை இல்லை. தேசிய வீட்டுவசதி வங்கியின் ரெசிடெக்ஸ் 2007-ல் தொடங்கியது. இப்போது 50 நகரங்கள், கோவையும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும்.

இங்கே நான் செய்த தப்பு கொஞ்சம் வெட்கக்கேடானது. ஒரு நகரத்தின் குறியீட்டு எண் பெரிதாகவும் இன்னொன்றின் எண் சின்னதாகவும் இருப்பதைப் பார்த்து, சின்னதாக இருக்கிற ஊரை 'விலை மலிவு' என்று குறித்துவிட்டேன். குறியீடு அப்படி வேலை செய்யாது. ரெசிடெக்ஸில் 2017-18-ஆம் ஆண்டு எல்லா ஊருக்கும் 100. அன்றைக்கு 40 லட்சத்துக்கு வீடு விற்ற ஊருக்கும் 100, ஒன்றரைக் கோடிக்கு விற்ற ஊருக்கும் 100. அதற்குப் பிறகு எவ்வளவு ஏறியது என்பதை மட்டும்தான் அது சொல்லும். ஒரு குழந்தை இந்த வருடம் எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தது என்று கேட்டுவிட்டு அதையே அதன் உயரம் என்று எழுதி வைத்தால் எப்படி இருக்கும்? அதைத்தான் செய்திருக்கிறேன்.

குறியீட்டைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விளம்பரங்களில் வரும் 'சராசரி விலை'யைவிட அது நாணயமானது. ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு. ஒரு தெருவில் மூன்று வீடு, 40 லட்சம், 50 லட்சம், 90 லட்சம். போன வருடம் முதல் இரண்டும் விற்றன, சராசரி 45. இந்த வருடம் கடைசி இரண்டும் விற்றன, சராசரி 70. 'ஒரே வருடத்தில் விலை 55 சதவீதம் ஏற்றம்' என்று தலைப்புப் போடலாம். உண்மையில் எந்த வீட்டின் விலையும் ஒரு ரூபாய்கூட நகரவில்லை. விற்ற வீடுகள்தான் மாறின. ரெசிடெக்ஸ் இந்தக் குழப்பத்தைக் குறைக்க வீடுகளை 60 சதுர மீட்டர் வரை, 110 வரை, அதற்கு மேல் என்று பிரித்து, எடைகளை நிலையாக வைத்துக் கணக்கிடுகிறது.

ஆனால் அதன் விலைகள் எங்கிருந்து வருகின்றன? முக்கியமாக, கடன் கொடுக்கும்போது வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் செய்யும் மதிப்பீட்டிலிருந்து. அதாவது கடனுக்குப் போன வீடுகள். பங்காளிக்குள் கைமாறிய வீடு, முழுப் பணத்தையும் கையில் வைத்து வாங்கிய வீடு, பட்டா சிக்கலால் வங்கி தொடாத வீடு இதில் தெரியாது. நான் பார்த்த பழைய ஓட்டு வீடுகள் பாதி அந்த ரகம். குறியீட்டைக் கட்டியவர்கள் வங்கிக்கும் கொள்கை வகுப்பவர்களுக்கும் கட்டினார்கள். 'நகரம் முழுக்கச் சூடு ஏறுகிறதா, ஆறுகிறதா' என்பது அவர்கள் கேள்வி. 'இந்தச் சந்தில் இந்த வீடு தகுமா' என்பது என் கேள்வி. இரண்டும் ஒன்றில்லை.

3. முப்பது வருட சராசரி

காலநிலைப் பக்கம்தான் எனக்கு ரொம்ப நம்பிக்கை இருந்தது. விலையில் ஆள் ஆளுக்கு ஆதாயம் இருக்கலாம், வெப்பமானிக்கு என்ன ஆதாயம்?

வானிலைத் துறை ஒவ்வொரு நிலையத்துக்கும் முப்பது ஆண்டு சராசரி வைத்திருக்கிறது. கடைசித் தொகுப்பு 1991 முதல் 2020 வரை. வருடாந்திரச் சராசரி வெப்பத்தில் கோவை சென்னையைவிட ஒன்றரை, இரண்டு டிகிரி குறைவு. மழை சென்னையில் சுமார் 1,400 மில்லிமீட்டர், கோவையில் அதில் ஏறக்குறைய பாதி. வெள்ளத்தில் இரண்டு தடவை நின்றவனுக்கு அந்தப் 'பாதி' என்ற சொல் எவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க.

போதாததற்கு வீடு பார்க்க நாங்கள் போனது ஜூன் மாதம். சென்னையில் 37, 38 டிகிரியில் வெந்துகொண்டிருந்த நேரம். கோவையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று திறந்துவிட்ட மாதிரி அடித்தது. வானம் மூடிக்கிடந்தது, லேசான தூறல். அம்மாகூட, "காத்து நல்லா இருக்குடா" என்றார். அந்த ஒரு சாயங்காலம் என் ஷீட்டில் பத்து மதிப்பெண்ணாவது சேர்த்திருக்கும்.

மாத வாரியான அட்டவணையை ஒழுங்காகப் படித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கோவையின் கோடை மார்ச்சும் ஏப்ரலும். சென்னையின் உச்சம் மே, ஜூன். மார்ச் மாதத்தில் பகல் உச்ச வெப்பம் கோவையில்தான் அதிகம். 35 டிகிரி என்பது அங்கே சாதாரணம், சென்னையில் அப்போது 33-க்குப் பக்கம். இரவில் நிலைமை தலைகீழ். கோவையில் பகலுக்கும் இரவுக்கும் இடையே 13 டிகிரிக்கு மேல் விழுகிறது, சென்னையில் பத்துக்குள்தான். வருடச் சராசரி என்ற ஒற்றை எண் இந்த ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் தட்டிச் சமமாக்கிவிடுகிறது.

அதே மாதிரி, வெப்பத்தை மட்டும் பார்த்தாலும் போதாது. 32 டிகிரியில் காற்றின் ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் உடம்புக்கு 33 மாதிரி தெரியும். அதே 32, ஈரப்பதம் 70 என்றால் 41 மாதிரி. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், ஈரக்காற்றில் வியர்வை காயாது. இந்த இடத்தில் கோவைக்கு உண்மையாகவே சாதகம் உண்டு. அதை மறுக்கவில்லை.

அடுத்தது, எங்கே அளந்தது என்ற கேள்வி. சென்னைக்கு நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்று இரண்டு நிலையங்கள். கடற்காற்று தாமதமாகும் நாளில் மீனம்பாக்கம் கொஞ்சம் அதிகமாகக் காயும். கோவைக்கு வானிலைத் துறையின் நிலையம் பீளமேட்டில், விமான நிலையத்தில். நாங்கள் வீடு பார்த்த வடவள்ளி ஊரின் மேற்குக் கோடி, மருதமலைக்குப் பக்கம். இரண்டுக்கும் நடுவில் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். மலையை நெருங்க நெருங்க மழை கூடும், கிழக்கே சூலூர்ப் பக்கம் போகப் போகக் குறையும். 'கோவையின் மழை' என்று ஒரு எண் கிடையாது.

அந்த வெப்பமானி இருக்கிற இடமும் யோசிக்க வேண்டியது. திறந்தவெளி, தரைக்கு நாலடி உயரம், வெயில் நேராகப் படாதபடி வெள்ளையடித்த மரச்சட்டப் பெட்டி. காற்றின் வெப்பத்தைச் சரியாக அளக்க அதுதான் முறை. ஆனால் நாம் அந்தப் பெட்டிக்குள்ளேயா குடியிருக்கிறோம்? கான்கிரீட் கூரைக்குக் கீழே இருக்கிறோம். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கூரை ராத்திரியில்தான் அதைக் கக்கும்.

கடைசியாக, ஆண்டுகள். 1991-லிருந்து 2020 வரை எடுத்த சராசரி ஏறக்குறைய 2005-ஆம் ஆண்டின் படம். இன்றைக்கு இருபது வருடக் கடன் வாங்கினால் அது முடிய 2045 ஆகும். நாற்பது வருட இடைவெளி. பூமியின் சராசரி வெப்பம் 2011-20 காலத்திலேயே தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.1 டிகிரி கூடிவிட்டது என்று ஐ.பி.சி.சி.யின் ஆறாவது அறிக்கை சொல்கிறது. ஒரு டிகிரி கூடினால் மிகக் கனமழைகளின் வேகம் சுமார் 7 சதவீதம் கூடும் என்பதும் அதே அறிக்கையில்தான். வருட மொத்த மழை பாதி என்பதில் நான் மயங்கினேன். ஆனால் வீட்டுக்குள் வருவது வருட மொத்தம் கிடையாது, ஒரு ராத்திரி மழை. வேளச்சேரியில் அதை இரண்டு தடவை படித்த பிறகும் ஷீட்டில் வருட மொத்தத்துக்குத்தான் மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

4. வாழ்வதற்கு எளிதான நகரம்

மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகத்தின் பட்டியல் இது. 2021 மார்ச்சில் வெளியான 2020-ஆம் ஆண்டுப் பட்டியலில் 111 நகரங்கள். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 49 நகரங்களில் பெங்களூரு முதலிடம், சென்னை 4, கோவை 7. மதிப்பெண் சென்னைக்கு 62.61, கோவைக்கு 59.72.

2018-ல் வந்த முந்தைய பட்டியலைப் பாருங்க. அதில் பெங்களூருவின் இடம் 58. இரண்டே வருடத்தில் 58-லிருந்து ஒன்றுக்கு வந்தது எப்படி? சில்க் போர்டு சந்திப்பில் ஒரு மணி நேரம் நின்றவர்களைக் கேட்டால் ஊர் மாறவில்லை என்பார்கள். மாறியது அளக்கும் முறை. 2018-ல் 78 குறிகாட்டிகள், 111 நகரங்களும் ஒரே வரிசை. 2020-ல் 49 குறிகாட்டிகள், கூடவே மக்களிடம் எடுத்த கருத்துக் கணிப்பு, மக்கள்தொகைப்படி இரண்டு வரிசை. வாழ்க்கைத் தரத்துக்கு 35 சதவீதம், பொருளாதாரத் திறனுக்கு 15, நீடித்த தன்மைக்கு 20, மக்கள் கருத்துக்கு 30 என்று எடை. இந்த 35, 15, 20, 30 இயற்கையில் கிடைத்த எண்கள் இல்லை. ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்தவை. 25, 25, 25, 25 என்று வைத்தாலும் அவ்வளவுதான் நியாயம், ஆனால் வரிசை மாறலாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் என் ஷீட்டைத் திறந்து பார்த்தேன். இந்தப் பட்டியலுக்கு நான் கொடுத்திருந்த எடை 5. விலைக்கு 40, காலநிலைக்கு 40, மனைவியின் பிறந்தகம் பக்கம் என்பதற்கு 15, இதற்கு 5. ஏன் 5? முதல் பதிப்பில் 20 கொடுத்திருக்கிறேன். அதில் சென்னை கோவைக்கு முன்னால் வந்தது. இரண்டாவது பதிப்பில் 10 ஆனது. மூன்றாவதில் 5.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஈரச் சுவரை விட்டு ஓட வேண்டும் என்று மனதில் முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். அந்த முடிவுக்கு ஒரு எண் தேவைப்பட்டது. அமைச்சகத்தின் எடையைக் கேள்வி கேட்கிற அதே ஆள், தன் எடையை மூன்று தடவை திருத்தியிருக்கிறான்.

நாலையும் சேர்த்துப் பார்க்கும்போது

நாலு அட்டவணையிலும் எனக்கு இப்போது தெரிவது ஒரே குறை, அதுவும் அட்டவணையின் குறை இல்லை. தீர்வை வசூலிக்க ஒன்று, வங்கிக்கு ஒன்று, வானிலையைப் பதிவு செய்ய ஒன்று, நகரங்களைப் போட்டி போட வைக்க ஒன்று. குடிபோகிறவனுக்கென்று ஒன்றுகூட எழுதப்படவில்லை. அவன் வந்து படிக்கும்போது, 'இதை யார், எந்த வேலைக்காக எடுத்தார்கள்' என்று கேட்டுவிட்டுப் படிக்க வேண்டும். அதைக் கேட்காமல் நாலையும் ஒரே வரிசையில் கூட்டினால் வருகிற மொத்தம் யாருடைய ஊரையும் குறிக்காது.

இன்னொன்று. விலையையும் காலநிலையையும் நான் இரண்டு தனித்தனிப் பத்தியாக வைத்தேன். எல்லோரும் அப்படித்தான் வைக்கிறோம். நிஜத்தில் அவை ஒன்றுக்குள் ஒன்று. எங்கள் அடுக்ககத்தில் முதல் மாடி வீடு 2016 கோடையில் விற்றது. வெள்ளம் வந்து ஆறே மாதம். வாங்கியவர் வெளியூர்க்காரர், சுவர் காய்ந்து வெள்ளையடித்திருந்தது, பழைய விலைக்கே போனது. விலைக்கு ஞாபகசக்தி ரொம்பக் கம்மி. கோவையிலும் நொய்யலைச் சார்ந்த குளங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு வாய்க்கால்கள் இருக்கின்றன. மழை குறைந்த ஊர் என்பதால் எந்த மனை பழைய வாய்க்காலின் மேல் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

என்ன செய்தோம்

வாங்கவில்லை. வாடகைக்குப் போனோம், வடவள்ளியில், மாதம் 17,000. கணக்கு இதுதான்: ஒரு வருட வாடகை 2 லட்சத்து 4 ஆயிரம். தப்பான வீட்டை வாங்கிப் பதிவு செய்தால் போகிற பணம் 6 லட்சத்து 48 ஆயிரம். 'வாடகை கொடுப்பது வீண்' என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஊரைத் தெரிந்துகொள்ள நான் கட்டிய ஃபீஸ் அது, பதிவுச் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 50 லட்சம் கடனை எட்டரை சதவீத வட்டியில் இருபது வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை 43,000-க்கு மேல் வரும், அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க.

முதலில் சிக்கலைக் காட்டியது ஜனவரி. என் ஷீட்டில் ஜனவரிக்குத்தான் அதிக மதிப்பெண். பகல் 30 டிகிரி, வறண்ட காற்று, மழை இல்லை. அம்மாவுக்கு மோசமான மாதம் அதுதான். விடியற்காலைக் குளிரும் வறண்ட தூசியும் சேர்ந்து, வேளச்சேரி மாதிரியே மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்தார்.

"ஏன்டா, உன் கம்ப்யூட்டரு இதைத்தானே நல்ல மாசம்னு சொல்லிச்சு?"

டாக்டரைப் பார்த்து மருந்தை மாற்றி, படுக்கையை ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டதும் சரியானது. மார்ச்சில் அடுத்த பாடம். நாங்கள் இருப்பது மேல்மாடி. சின்ன டிஜிட்டல் வெப்பமானி இரண்டு வாங்கி, ஒன்றை அறைக்குள்ளும் ஒன்றை வெளியே நிழலிலும் மாட்டினேன். ராத்திரி பத்து மணிக்கு வெளியே 26, அறைக்குள் 33. எந்த அட்டவணையிலும் அந்த 33 இல்லை. ஆனால் அம்மா தூங்குவது அதில்தான். ஜூன் மாதம் காற்று வந்தபோது, அது முன்பு சொன்ன மாதிரியே அருமையாக இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். ஈரச் சுவர் இல்லாத மழைக்காலம் ஒன்றையும் பார்த்துவிட்டோம். மொத்தத்தில் இங்கேயே இருக்கலாம் என்றுதான் மூன்று பேருக்கும் தோன்றுகிறது. ஆனால் வாங்கும் வீடு மேல்மாடியாக இருக்காது, மேற்கு வெயில் படுக்கையறையில் விழாது. இந்த இரண்டும் ஷீட்டில் ஒரு வரியாகக்கூட இருந்ததில்லை.

இப்போது வீடு பார்க்கப் போனால் நான் கேட்கிற கேள்விகள் வேறு. குழாய்த் தண்ணீர் சிறுவாணியா, பில்லூரா, எத்தனை நாளுக்கு ஒரு தடவை? போர் எத்தனை அடி? பெரிய மழை பெய்த மறுநாள் காலை இந்தத் தெருவில் தண்ணீர் எங்கே நிற்கும்? இதைப் புரோக்கரிடம் கேட்பதில்லை. தெருமுனை மளிகைக்கடையில், இஸ்திரி வண்டிக்காரரிடம், பால் போடுகிறவரிடம் கேட்கிறேன். அவர்களுக்கு விற்க எதுவும் இல்லை.

வேளச்சேரி ஃபிளாட் இன்னும் விற்கவில்லை. இந்த ஏப்ரலில் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போயிருந்தபோது அதைப் பார்க்க ஒரு இளம் தம்பதி வந்தார்கள். நல்ல வெயில், சுவர் புதுப் பெயிண்ட். சதுர அடி என்ன ரேட், கார் நிறுத்த இடம் இருக்கா, ரயில் எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். கையில் மொபைலில் ஏதோ அட்டவணை, என்னைப் போலவே. தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று நான் நின்றுகொண்டிருந்தேன். அட்டவணைகள் எதை மறைக்கின்றன என்று ஒரு வருடமாகக் குறிப்பெடுத்தவன், கேட்டால் சொல்லலாம் என்று நின்றுகொண்டிருந்தேன்.

அம்மாதான் சொன்னார். "தம்பி, இந்த வீட்டுக்குள்ள ரெண்டு தடவை தண்ணி வந்திருக்கு. பதினஞ்சுல இது வரைக்கும்." சுவரில் கையை வைத்துக் காட்டினார், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. "இருபத்தி மூணுல முழங்கால்."

அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு வாரம் கழித்து போன் வந்தது. நாங்கள் சொன்ன விலையிலிருந்து 6 லட்சம் குறைத்துக் கேட்டார்கள். அந்தப் பணத்தில் தரையை உயர்த்தி, மின் இணைப்புகளை மேலே ஏற்றிக்கொள்ளப் போகிறார்களாம். கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். இந்த ஒன்றரை வருடத்தில் நான் பார்த்த விலைகளில், மழையைக் கணக்கில் சேர்த்துச் சொன்ன விலை அது ஒன்றுதான்.

ஷீட்டை அழிக்கவில்லை. கடைசியில் இருந்த மொத்த மதிப்பெண் வரிசையை மட்டும் எடுத்துவிட்டேன்.